ஊழியப் புத்தகங்கள்: புதிய ஆயர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம், குருப்பட்டம் பெற்று ஆறு மாதமே ஆன தம்பி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். கையில் அச்சடித்த படிவம், 200 பிரதி. குடும்ப ஜெபம் உண்டா, பத்துக் கட்டளைகள் தெரியுமா, விசுவாசப் பிரமாணம் தெரியுமா என்று கட்டம் கட்டமாக இருந்தது. "ரிச்சர்ட் பாக்ஸ்டர் முறை ஐயா. அடுத்த வாரம் வீடு சந்திப்பு ஆரம்பிக்கிறேன்" என்றார். புத்தகம் படித்தீர்களா என்று கேட்டேன். 12 நிமிடக் காணொளி ஒன்று பார்த்தாராம்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் அதே கட்டங்களை நான் ஒரு கறுப்பு நோட்டில் ஸ்கேல் வைத்துப் போட்டவன்.

பிரசங்கத்தைக் காப்பி அடிக்காதே, கடன் வாங்கிப் புத்தகம் வாங்காதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுருக்கத்தைப் படித்துவிட்டு வேலையில் இறங்குவது

எங்கள் காலத்தில் காணொளி கிடையாது, ஜெராக்ஸ். ஒரு பயிற்சி முகாமில் பாக்ஸ்டரின் 'தி ரிஃபார்ம்ட் பாஸ்டர்' நூலை நாலு பக்கமாகச் சுருக்கிக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் கிடெர்மின்ஸ்டர் என்ற நெசவாளர் ஊரில் ஊழியம் செய்தவர். 1656இல் வந்த புத்தகம். திங்களும் செவ்வாயும் காலையிலிருந்து இரவு வரை குடும்பங்களுக்கு வினாவிடை, அதாவது விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லித்தரும் பாடம், போதித்தார். வாரத்துக்கு 15, 16 குடும்பம், ஒரு வருடத்தில் 800 குடும்பத்துக்கு மேல். எல்லாம் சரியான தகவல்தான். எனக்கு அந்த 800தான் கண்ணில் பட்டது. என் சேகரத்தில், அதாவது என் பொறுப்பில் இருந்த சபைகளில், மூன்று ஊரும் சேர்த்து 140 குடும்பம். இரண்டே மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டாவது வாரம் ஒரு பனையேறித் தாத்தா வீட்டுக்குப் போனேன். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் திண்ணையில் இருந்தார்கள். பத்துக் கட்டளைகளைச் சொல்லுங்கள் என்றேன். நாலாவது வரைக்கும் வந்தார். அப்புறம் நின்றுவிட்டார். பேரன் எடுத்துக் கொடுத்தான், கொடுத்துவிட்டுச் சிரித்தான். தாத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் படிக்காதவன் ஐயா" என்றார். நான் என்ன செய்தேன்? நோட்டில் பெருக்கல் குறி போட்டேன். அவர் கண் முன்னாலேயே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பக்க வாசலோரம் அவர் வழக்கமாக உட்காரும் இடம் காலியாக இருந்தது. என் பைக் சத்தம் கேட்டால் சில வீடுகளில் கதவு சாத்தத் தொடங்கினார்கள். போய் மன்னிப்புக் கேட்டேன். பதநீர் கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார். நான் மாற்றலாகிப் போகும்வரை அவர் கோவிலுக்கு வரவில்லை.

முழுப் புத்தகத்தையும் அதற்குப் பிறகுதான் படித்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வினாவிடைப் புத்தகத்தை முன்கூட்டியே வீடுகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். மற்றவர்கள் காதில் விழாதபடி ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசு என்கிறார். பதில் தெரியாமல் தடுமாறினால் நெருக்காதே, பதிலை நீயே சொல்லி 'ஆம், இல்லை' என்று சொல்கிறமாதிரி கேட்டுக்கொள் என்கிறார். இன்னொன்று: டவுன்காரர்கள் அவர் வீட்டுக்கு வந்தார்கள், சுற்றுப்புறத்துக்குப் போனவர் அவருடைய உதவி ஊழியர். இவை எதுவும் என் நாலு பக்கத்தில் இல்லை.

அதைவிட முக்கியம், புத்தகமே அப்போஸ்தலர் 20:28ஐப் பிடித்துக்கொண்டு எழுதப்பட்டது. அந்த வசனத்தில் 'உங்களைக்குறித்தும்' என்பது முதலில் வருகிறது, மந்தை அப்புறம். பாக்ஸ்டரும் அதே வரிசையில், ஊழியக்காரனின் சொந்த நிலையைத்தான் முதலில் பிடித்து உலுக்குகிறார். தலைப்பில் உள்ள 'ரிஃபார்ம்ட்' கூட சீர்திருத்தவாதி கால்வினின் கொள்கையைக் குறிக்கவில்லை. ஆயர் தாமே திருந்தி உயிர்பெற வேண்டும் என்கிற பொருள். சுருக்கம் எழுதுகிறவர்களுக்கு எண்ணும் முறையும்தான் சௌகரியம். உலுக்குகிற பகுதியை எப்படிச் சுருக்குவது?

தம்பியிடம் படிவங்களை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது, பரவாயில்லை.

ஜெபப் புத்தகத்தை உதாரணக் கதைக்காகப் படிப்பது

சகோதரர் லாரன்ஸின் சின்னப் புத்தகத்தை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை 'சமையல்கட்டில் ஜெபித்த துறவி' என்று பிரசங்கம் செய்கிறார்கள். அவர் புத்தகம் எழுத உட்கார்ந்தவரே இல்லை. பாரிஸில் கர்மேல் மடத்தில் பாத்திரங்களோடு கிடந்தவர்; 1691இல் அவர் இறந்த பிறகு கடிதங்களையும் உரையாடல்களையும் மற்றவர்கள் தொகுத்தார்கள். ஒரு கடிதம், அப்புறம் ஒரு வாரம் இடைவெளி. நான் இப்போது அப்படித்தான் படிக்கிறேன். நார்வேக்காரர் ஹால்ஸ்பி ஜெபத்தைப் பற்றி எழுதியதும் அப்படியே: கையாலாகாத நிலைதான் ஜெபத்தின் தொடக்கம் என்பார். அதைப் பேனாவோடு படித்தால் குறிப்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

தமிழில் ஒன்றும் இல்லை என்று நினைப்பது

வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே உபதேசியார்களுக்கென்று 'வேதியர் ஒழுக்கம்' எழுதிவிட்டார், அதுவும் உரைநடையில். கத்தோலிக்கர் எழுதியது என்று நம்மவர்கள் தொடுவதில்லை. அதே ஆட்கள் ரோமாபுரியின் போப்பாண்டவரான முதலாம் கிரகோரியாரின் மேய்ப்பு நூலை ஆங்கிலத்தில் வாங்கி அலமாரியில் அடுக்குகிறார்கள்! ஏழை, பணக்காரர், சந்தோஷமானவர், துக்கப்படுகிறவர் என்று ஆளுக்கு ஆள் எப்படிப் புத்தி சொல்வது என்று பிரித்துப் பிரித்து எழுதிய புத்தகம் அது. நல்ல புத்தகம். ஆனால் இரண்டையும் படிக்கலாமே.

ஆராதனை முறையின் சின்ன எழுத்தைத் தாண்டிப் போவது

ஆராதனை பற்றி வெளிநாட்டுப் புத்தகம் தேடுவதற்கு முன் கையில் இருக்கும் ஆராதனை முறைப் புத்தகத்தை, சின்ன எழுத்தில் இருக்கும் குறிப்புகளோடு படியுங்கள். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. அதன் திருவிருந்து ஆராதனை முறை 1950இல் வந்தது. சமாதானத்தைக் கைக்குள் கை வைத்து அடுத்தவருக்குக் கொடுக்கும் வழக்கம் கேரளத்துச் சிரியன் சபைகளிடமிருந்து வந்த பழைய சொத்து. இதெல்லாம் தெரியாமல், நேரம் ஆகிறது என்று அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

பீடத்தில் ஆசிரியர் பெயர்களை அடுக்குவது

வேண்டாம்.

எழுதி வைக்காமல் இரவல் கொடுப்பது

இப்போது என்னிடம் இருக்கும் பாக்ஸ்டர் மூன்றாவது பிரதி. முதல் இரண்டும் எந்தச் சேகரத்துக் குருமனையில் இருக்கின்றனவோ. மூன்றாவதைத் தம்பி கொண்டுபோயிருக்கிறார்; இந்த முறை தேதி போட்டு, அந்தக் கறுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.