குட்டிகளை இடம் மாற்றிக்கொண்டே இருந்த தாய்ப்பூனை

எங்கள் பூனைக்குப் பிரசவத்தில் சிக்கல் இல்லை. தொல்லை அதற்கப்புறம்தான்: பெட்டியிலிருந்த குட்டிகளைக் கவ்விக் கொண்டுபோய் பீரோவுக்குப் பின்னால், வெறும் தரையில் போட்டது. முதல் வாரத்துக் குட்டியால் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது.

பெரிய பெட்டி, மெத்தென்ற போர்வை, எதுவும் எடுபடவில்லை. பீரோ இடுக்கை அடைத்தால் கட்டிலடிக்குப் போனது.

பெட்டி வாசலில் துணியை மோந்து பின்வாங்குவதைக் கவனித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. தினமும் மாற்றிய துணியில் சோப்புத்தூள் வாசனை! கண் திறக்க 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை குட்டிக்கு மோப்பமே வழிகாட்டி. தாய்க்கும் தன் வாடை இல்லாத இடம் அந்நியம்தான்.

பிறகு, ஈரமான துணியை மட்டும் மாற்றி, பழையதில் ஒரு துண்டை உள்ளேயே விட்டேன். மாற்றுத்துணியை வெறும் வெந்நீரில் அலசினேன். பெட்டியின் மேல்புறத்தை அட்டையால் மூடி, பக்கத்தில் வாசல் வெட்டினேன். வாசலின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 12 செ.மீ.; அதிகம் உயர்ந்தால் தாயின் காம்பு உரசும், தாழ்ந்தால் குட்டி வெளியே உருளும். பெட்டியையும் பூனை தேர்ந்தெடுத்த கட்டிலடியிலேயே வைத்தேன். அன்றோடு நகர்த்தல் நின்றது.

எடை பார்க்க சமையலறைத் தராசு போதும். நாளுக்குச் சுமார் 10 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்க ஏறாத குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.