‘பொருந்துவன அனைத்தையும் குறிக்கவும்’: ஒன்றன்மேல் ஒன்று விழும் விடைகளைப் படமாக்குவது எப்படி?

‘செய்திகளை எதன் வழியாக அறிகிறீர்கள்? பொருந்துவன அனைத்தையும் குறிக்கவும்’ என்று 20 பேரிடம் கேட்டதாக வைத்துக்கொள்வோம். நாளிதழ் 7, தொலைக்காட்சி 12, வானொலி 2, கைபேசி 15. விழுக்காடுகளைக் கூட்டினால் 180 வருகிறது. எனவே வட்ட விளக்கப்படம் வேண்டவே வேண்டாம். பட்டை வரைபடம் போடலாம், தவறில்லை. ஆனால் நாளிதழ் படிக்கும் அந்த 7 பேரில் எத்தனை பேர் தொலைக்காட்சியும் பார்க்கிறார்கள் என்பதை அது சொல்லாது. நமக்கு வேண்டியதோ அதுதான்.

முதல் வேலை, விடைகளைப் பிரிப்பது. கூகுள் ஃபார்ம்ஸ், ஒருவர் குறித்த எல்லாவற்றையும் காற்புள்ளியிட்டு ஒரே கட்டத்தில் போட்டுவிடும். ஒவ்வொரு விடைக்கும் ஒரு நெடுவரிசை அமைத்து, குறித்திருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என நிரப்புங்கள். இங்கே நான் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன். ‘நாளிதழ், வார இதழ்’ என்று விடைக்குள்ளேயே காற்புள்ளி வைத்திருந்தேன். பிரித்தபோது ஒரு விடை இரண்டாகிவிட்டது. சொல்லைத் தேடி நிரப்புவதிலும் கவனம் வேண்டும்: ‘வானொலி’யைத் தேடினால் ‘இணைய வானொலி’யும் சேர்ந்து சிக்கும்.

அடுத்து, ஒருவருக்குரிய நான்கு எண்களையும் & குறியால் ஒட்டுங்கள். ‘0101’ என்றால் தொலைக்காட்சியும் கைபேசியும் மட்டும். முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து ‘அ0101’ என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். இல்லையென்றால் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக்கோப்பு) எக்செல்லில் திறக்கும்போது முதல் 0 உதிர்ந்துவிடும். இனி விரிதாளின் பிவட் டேபிளில் (தொகுத்து எண்ணித் தரும் அட்டவணை) ஒவ்வொரு சேர்க்கையும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் போதும்:

0001 – 7
0101 – 5
1100 – 4
1101 – 2
1111 – 1
0010 – 1

இதை வரைய, ஒன்றன்மேல் ஒன்று விழும் வட்டங்களால் ஆன வென் படம்தான் (Venn diagram) பலருக்கு நினைவுக்கு வரும். இரண்டு, மூன்று விடைகளுக்கு அது அழகு. நான்குக்கு, வட்டங்களுக்கு வெளியே உள்ளதையும் சேர்த்து, 16 பகுதிகள் வேண்டும். நான்கு வட்டங்களை எப்படி வைத்தாலும் 14க்கு மேல் கிடைக்காது. நீள்வட்டங்களால் சமாளிக்கலாம், ஆனால் படிப்பவர் பாவம்.

இதற்காகவே 2014இல் அலெக்சாண்டர் லெக்ஸ் குழுவினர் அப்செட் என்ற படமுறையை வெளியிட்டார்கள். மேலே, சேர்க்கைகளின் எண்ணிக்கை இறங்குவரிசையில் பட்டைகளாக நிற்கும். கீழே விடைக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு பட்டைக்கும் அடியில், அந்தச் சேர்க்கையில் உள்ள விடைகளுக்கு மட்டும் கரும்புள்ளி வைத்து, அவற்றை ஒரு கோட்டால் இணைப்பார்கள். ஆர் மொழியில் அப்செட்ஆர், பைத்தானில் அப்செட்பிளாட் ஆகிய நிரல்தொகுப்புகள் இதை வரைந்து தரும். ஆறு பட்டைகள்தான் என்றால் விரிதாளில் கட்டங்களுக்கு நிறமிட்டே முடித்துவிடலாம்.

இப்போது படத்தைப் பாருங்கள். ‘1000’க்குப் பட்டையே இல்லை. நாளிதழை மட்டும் நம்பியிருப்பவர் ஒருவர்கூட இல்லை. அந்த 7 பேரும் தொலைக்காட்சி பார்ப்பவர்கள். இதையே திருப்பிச் சொல்லிவிடாதீர்கள்: தொலைக்காட்சி பார்க்கும் 12 பேரில் நாளிதழ் படிப்பவர்கள் 7 பேர்தான். விழுக்காடு எழுதினால், எத்தனை பேரில் என்பதைப் படத்தின் அடியிலேயே குறித்துவிடுங்கள்.