சமூகவியல் படிப்பில் தெரிந்த சொல்தான் காலை வாரும்

பாதிப் பிழை வகுப்பில் கால் வைக்கும் முன்பே நடந்துவிடுகிறது. சமூகவியலும் சமூகப்பணியும் ஒன்றுதான் என்று நினைத்துச் சேர்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எம்.எஸ்.டபிள்யூ. என்கிற முதுகலைச் சமூகப்பணி தொழிற்படிப்பு, களப்பயிற்சி அதன் முதுகெலும்பு. மருத்துவமனையோ தொண்டு நிறுவனமோ விளம்பரத்தில் எம்.எஸ்.டபிள்யூ. என்று கேட்டிருந்தால், எம்.ஏ. சமூகவியலைக் காட்டிப் பெரும்பாலும் பயனில்லை. எந்த வேலைக்காகப் படிக்கிறோமோ அந்த விளம்பரத்தை முதலில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அடுத்தது சேர்க்கை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மாநில அரசுடையது. காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம். காலாப்பட்டுக்குப் போக க்யூட் பி.ஜி. என்கிற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில், அதாவது பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு நடந்துகொண்டிருக்கும்போதே வந்துவிடும். மே மாதம் ரிசல்ட் வந்தபின் தேடினால் கதவு சாத்தியிருக்கும். தேர்வு எழுதியதோடு முடிந்தது என்று இருந்துவிடவும் கூடாது. பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனியாகப் பதிய வேண்டும்.

இட ஒதுக்கீட்டில் ஏமாறுகிறவர்கள் அதிகம். தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழை மத்தியப் பல்கலைக்கழகத்தில் அப்படியே நீட்ட முடியாது. மத்தியப் பட்டியலில் உங்கள் பிரிவு இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதோர் சான்றிதழ் வாங்க வேண்டும். அதுவும் நடப்பு நிதியாண்டுக்குரியதாக இருப்பது நல்லது. கலந்தாய்வு வாரத்தில் தாலுகா ஆபீஸுக்கு ஓடினால் கையில் ரசீதுதான் இருக்கும்.

தேர்வு முறையையும் குழப்பிக்கொள்கிறார்கள். க்யூட் பி.ஜி.யில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். பின்னாளில் கல்லூரி ஆசிரியர் வேலைத் தகுதிக்கு எழுதப்போகும் யு.ஜி.சி. நெட் தேர்வில் 150 கேள்வி, 300 மதிப்பெண், கழிவே இல்லை. முதல் தேர்வின் பயத்தை நெட்டுக்கும் சுமந்துபோய் இருபது கேள்வியை விடையளிக்காமல் விட்டுவருவது வீண் இழப்பு.

இனி பாடத்துக்கு வருவோம். சமூகவியலில் வரும் சொற்கள் பலவும் நாம் தினம் பேசுபவை. வசதி என்று தோன்றும், வம்பே அங்குதான். 'ஆதிக்க சாதி' என்று கேள்வி வந்தால், ஒடுக்குகிற சாதி, மேல்சாதி என்று செய்தித்தாள் பொருளில் இரண்டு பக்கம் நிரப்பிவிடுகிறார்கள். இந்தச் சொல்லைச் சமூகவியலில் விளக்கிய அறிஞர் எம்.என். ஸ்ரீநிவாஸ் சொன்னது வேறு: அந்த ஊரில் எண்ணிக்கை, நிலம், அரசியல் செல்வாக்கு, சடங்கு அடுக்கில் மிகத் தாழாத இடம், படிப்பும் அரசு வேலையும். இவை சேர்ந்தால்தான் ஆதிக்கம். ஒரு ஊரில் அப்படி இருக்கும் சாதி, பக்கத்து ஊரில் சில்லறை எண்ணிக்கையாக இருக்கலாம். சடங்கு அடுக்கின் உச்சியில் இருப்பவர்கள் ஆதிக்க சாதியாக இல்லாமலும் போகலாம். கோபம் நியாயமானதாக இருந்தாலும் விடைத்தாளில் அந்த அளவுகோல்கள்தான் இருக்க வேண்டும்.

புள்ளிவிவரத்திலும் இதே கதை. 'புதுச்சேரி மக்கள்தொகை 12,47,953' என்று எழுதிவிட்டு, கடற்கரைச் சாலையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். 2011 கணக்கெடுப்பின் அந்த எண், காரைக்கால், கேரளத்தையொட்டிய மாகே, ஆந்திரத்தையொட்டிய ஏனாம் எல்லாம் சேர்ந்தது. புதுச்சேரி மாவட்டம் மட்டும் 9,50,289. எந்த எண்ணை எடுத்தாலும் எந்த எல்லை, எந்த ஆண்டு என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். பாகூர்ப் பக்கம் களப்பணி செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே கொஞ்ச தூரம் நடந்தால் கடலூர் மாவட்டம் வந்துவிடும். இந்தப் பக்கம் கொம்யூன் பஞ்சாயத்து, அந்தப் பக்கம் ஊராட்சி ஒன்றியம்; நலத்திட்டங்களும் வேறு வேறு. ஒரே கேள்வித்தாளை இரு பக்கமும் கொடுத்தால் பாதிப் பதில் குப்பைக்குத்தான் போகும்.

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டில்தான் எல்லாத் தவறும் ஒன்றாகக் கூடும். கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதி, மெஷினில் போட்டுத் தமிழாக்கி எடுத்துப்போகிறார்கள். 'உங்கள் சமூகத்தில் பெண்களின் நிலை என்ன?' என்று கேட்டால், சமூகம் என்பதை எதிரில் இருப்பவர் சாதி என்றுதான் எடுத்துக்கொள்வார். 'உங்க ஊர்ல எத்தனை வீடு?' என்றால் காலனியை விட்டுவிட்டு எண்ணிச் சொல்லும் ஊர்கள் உண்டு. 'குடும்பத்தில் எத்தனை பேர்?' என்றால், தனிக்குடித்தனம் போன மகனையும் சேர்த்துச் சொல்வார்கள். கணக்கெடுப்பு மொழியில் ஒரு வீட்டார் என்றால் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள். 'ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க எத்தனை பேர்?' என்று கேட்டால் எண் சரியாக வரும். விடிகாலையில் கூடை தூக்கி மீன் விற்றுவந்த பெண்ணிடம் 'வேலைக்குப் போறீங்களா?' என்றால், 'இல்ல, வீட்லதான் இருக்கேன்' என்பார். நேற்று காலை எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தார் என்று கேட்டால்தான் வேலை வெளியே வரும்.

'இங்கே சாதிப் பாகுபாடு இருக்கிறதா?' என்று நேராகக் கேட்பதும் வீண். 'அதெல்லாம் அந்தக் காலம்' என்ற பதில் தயாராக இருக்கும். தேர் எந்தத் தெரு வரை வருகிறது, கல்யாணத்தில் யார் யார் பந்தியில் உட்கார்ந்தார்கள், கோயிலுக்குத் தலைக்கட்டு வரி யாரிடம் வாங்குகிறார்கள் என்று நடப்பைக் கேளுங்கள். முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

காலமும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் கிடக்கும். சிறு நாட்டுப்படகுகள் போய்வரும். கடலூரின் மீனவர் ஊரான தேவனாம்பட்டினத்தில் மே மாதம் போய் 'மாத வருமானம் எவ்வளவு?' என்று கேட்டால், அது அந்த ஊரின் வருமானமே அல்ல. படகுத் தொழிலில் மாதச் சம்பளமும் கிடையாது: டீசல் செலவு போகப் பங்கு. போன முறை கடலுக்குப் போனபோது மீன்பாடு எப்படி, கைக்கு எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். தடை இல்லாத தை மாதத்துக்கும் தனியாகக் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது? திண்ணையில் இருந்தவர்களிடம் கேட்டுவிட்டு 'எளிய சமவாய்ப்பு மாதிரி' (எல்லா வீட்டுக்கும் சம வாய்ப்புக் கொடுத்துக் குலுக்கி எடுப்பது) என்று எழுதினால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். 400 வீட்டில் 40 வேண்டுமென்றால், முதலில் காலனியும் சேர்ந்த வீட்டுப் பட்டியல் ஒன்று தயார் செய்யுங்கள். 1 முதல் 10க்குள் ஓர் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து பத்தாவது பத்தாவது வீடாகப் போங்கள். இதற்கு முறைசார் மாதிரி என்று பெயர். பூட்டிய வீட்டுக்கு வேறு வேறு நேரத்தில் இன்னும் இரண்டு முறை போக வேண்டும். பக்கத்து வீட்டில் கேட்டு நிரப்பினால், பகலில் வேலைக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் உங்கள் ஆய்வில் காணாமல் போவார்கள். கிளம்புமுன் மாதிரிக்கு வெளியே எட்டுப் பத்துப் பேரிடம் கேள்வித்தாளைச் சோதித்துப் பாருங்கள். இரண்டு பேர் 'என்ன கேக்குறீங்க?' என்று திருப்பிக் கேட்டால் அந்தக் கேள்வியை மாற்றுங்கள்.

எழுதும்போது பெயரை மாற்றினால் போதும் என்றிருக்காதீர்கள். 'ஊரில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் ஒரே பெண்' என்று எழுதினால் பெயரே வேண்டாம், பேருந்து நிறுத்தத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். தொழிலை 'சிறு வணிகம்' என்று பொதுவாக்கி, வயதை ஐந்தைந்து ஆண்டுக் கட்டத்தில் போடுங்கள். தெருப் பெயரை எடுத்துவிடுங்கள்.