கன்சர்வேஷன் ஏரியாவில் வீட்டுக்கு எக்ஸ்டென்ஷன்: இங்கிலாந்தில் அனுமதி வாங்கும் வழி

இங்கிலாந்தில் வீட்டை நீட்டிக் கட்ட நினைத்தால், பிளான் வரைய ஆளைத் தேடுமுன் ஒரு வேலை இருக்கிறது. கவுன்சில் இணையதளத்தின் பிளானிங் வரைபடத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டு, வீடு கன்சர்வேஷன் ஏரியாவுக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஒரு பகுதியின் பழைய முகம் கெடாமல் இருக்கக் கவுன்சில் எல்லை வகுத்த இடம் அது. 1967-இல் லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்டில் முதலாவது அறிவிக்கப்பட்டது. இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 இருக்கின்றன. தமிழர் நிறைய வாழும் டூட்டிங்கில் டாட்டர்டவுன் ஃபீல்ட்ஸ் குடியிருப்பு அப்படி ஒன்று. எல்லைக்கோடு சில இடங்களில் தெருவின் நடுவே ஓடும். எதிர்வீட்டுக்காரர் அனுமதி கேட்காமல் கட்டியதை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள்.

அனுமதி கேட்காமல் எவ்வளவு கட்டலாம்?

சாதாரணத் தெருக்களில் உள்ள பெர்மிட்டெட் டெவலப்மென்ட் சலுகை, அதாவது விண்ணப்பிக்காமலே கட்டும் உரிமை, இங்கே சுருங்கிவிடும், ஆனால் முற்றிலும் போய்விடாது. பின்புறம் ஒரு தளம் கட்டலாம்: டெரஸ் (வரிசையாக ஒட்டிக் கட்டியவை), செமி (இரண்டிரண்டாக ஒட்டியவை) வீடுகளுக்கு 3 மீட்டர், தனி வீட்டுக்கு 4 மீட்டர் நீளம். உயரம் 4 மீட்டரைத் தாண்டக்கூடாது. பக்கத்து எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் கூரையின் ஓரம் 3 மீட்டர் உயரத்துக்குள் நிற்க வேண்டும். மற்ற இடங்களில் முன்கூட்டி அறிவித்து 6 அல்லது 8 மீட்டர் வரை போகலாமே, அந்த வசதி இங்கே கிடையாது. பக்கவாட்டில் கட்டுவது, பின்புறம் இரண்டு தளம் எழுப்புவது, லாஃப்டில் டார்மர் (கூரையிலிருந்து துருத்தி நிற்கும் ஜன்னல்) வைப்பது, சுவருக்கு மரமோ கல்லோ ஒட்டுவது எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் வேண்டும்.

இதில் பலர் தவறுவது விக்டோரியன் டெரஸ் வீட்டின் சைடு ரிட்டர்னில்தான். சமையலறைப் பக்கத்தில் இருக்கும் ஒடுங்கிய சந்தை மூடினால் அது பின்பக்க வேலை என்று நினைக்கிறார்கள். சட்டப்படி அது வீட்டின் பக்கச் சுவரைத் தாண்டுவது. ஆகவே அனுமதி தேவை. அளவுகளை எடுக்க வேண்டியதும் 1948 ஜூலை 1 அன்று இருந்த வீட்டிலிருந்து, பிறகு கட்டிய வீடானால் முதலில் கட்டியபடியே. முந்தைய உரிமையாளர் 1980-களில் 2 மீட்டர் கட்டியிருந்தால் அதுவும் உங்கள் கணக்கில் சேரும்.

சலுகைகளைப் பறிக்கும் ஆர்ட்டிக்கிள் 4 உத்தரவைக் கவுன்சில் போட்டிருந்தால் இந்த மிச்சச் சலுகையிலும் சில போய்விடும். ஃபிளாட்டுக்கு இந்தச் சலுகையே கிடையாது. அனுமதி தேவையில்லை என்று உறுதியாகத் தெரிந்தாலும் கட்டுவது சட்டப்படி சரி என்று கவுன்சில் தரும் லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட் வாங்கி வையுங்கள். பிளானிங் விண்ணப்பக் கட்டணத்தில் பாதிதான். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் கேட்கும் முதல் காகிதங்களில் ஒன்று அது.

வரையுமுன் படிக்க வேண்டியது

பெரும்பாலான கன்சர்வேஷன் ஏரியாக்களுக்குக் கவுன்சில் ஓர் அப்ரைசல் அறிக்கை வெளியிட்டிருக்கும். அந்தப் பகுதியில் எது அருமை, எது கெடுதல் என்று அதில் எழுதியிருக்கும்: வீடுகளுக்கிடையே வானம் தெரியும் இடைவெளி, ஒரே வரிசையில் ஓடும் கூரை முகடு, செங்கல் நிறம், ஜன்னல் வகை, முன்தோட்டச் சுவர், பாதுகாக்க வேண்டிய காட்சிக் கோணம். உங்கள் தெருவைப் பற்றிய பத்தியை வரிவரியாகப் படியுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் பெரும்பாலும் இதே சொற்களில்தான் வரும்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. பட்டியலிட்ட கட்டடங்கள், கன்சர்வேஷன் ஏரியாக்கள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு, அந்தப் பகுதியின் பண்பையோ தோற்றத்தையோ காப்பதிலும் மேம்படுத்துவதிலும் தனிக் கவனம் செலுத்தும்படி கவுன்சிலைக் கட்டாயப்படுத்துகிறது. தோற்றத்துக்குச் சிறிய கேடு வந்தாலும் அதை ஈடுகட்டும் பொதுநன்மை இருக்க வேண்டும் என்கிறது தேசியத் திட்டமிடல் கொள்கை. வயதான அம்மாவுக்குக் கீழே ஒரு அறை, பிள்ளைகளுக்குத் தனித்தனிப் படுக்கையறை என்பவை உண்மையான தேவைகள்தான். ஆனால் பொதுநன்மைத் தராசில் அவற்றுக்குப் பெரும்பாலும் எடை கிடைப்பதில்லை. தேவையை உருக்கமாக எழுதுவதில் செலவழிக்கும் நேரத்தை, கேடே இல்லை என்று காட்டும் வரைபடத்தில் செலவழியுங்கள்.

அப்படிக் காட்டுவது எப்படி? புதிய பகுதி பழைய வீட்டுக்கு அடங்கி நிற்க வேண்டும். பக்கவாட்டு எக்ஸ்டென்ஷனானால் முன்சுவரை உள்ளே தள்ளி, கூரை முகட்டைப் பழைய முகட்டுக்குக் கீழே இறக்குங்கள். எவ்வளவு என்பது கவுன்சிலின் டிசைன் வழிகாட்டியில் இருக்கும். இரண்டு வீட்டுக்கும் இடையிலான வெளியை முழுதும் அடைத்தால் செமி வரிசை டெரஸ் போலாகிவிடும் என்பது அடிக்கடி வரும் மறுப்பு.

செங்கல் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் இதில்தான் நிறைய வேலைகள் கெடுகின்றன. இன்றைய செங்கலின் உயரம் 65 மி.மீ. பழைய செங்கல் பெரும்பாலும் அதைவிட உயரம், ஆகவே வரிகள் ஒன்றோடொன்று சேராது. பழைய சுவர் பெரும்பாலும் ஃபிளெமிஷ் பாண்டில், செங்கலின் நீளப் பக்கமும் தலைப்பும் (குட்டைப் பக்கம்) மாறிமாறி வரும்படி கட்டியது. புதிய கேவிட்டி சுவரின் (நடுவே இடைவெளி விட்ட இரட்டைச் சுவர்) வெளிப்புறம் அரைச் செங்கல் கனம் என்பதால் கொத்தனார் வெறும் நீளவாக்கில் அடுக்கிவிடுவார். பழைய வரிசை வேண்டுமானால் செங்கலைப் பாதியாக உடைத்துத் தலைப்பாக வைக்கும்படி வரைபடத்திலேயே எழுதுங்கள். அளவு பொருந்தும் மீட்டெடுத்த செங்கல்லையும் குறிப்பிடுங்கள். பழைய சுவரைத் தொடும் இடத்தில் சுண்ணாம்புச் சாந்து வேண்டும். சிமென்ட் கடினமாக இறுகி ஈரத்தை உள்ளே அடைக்க, பழைய செங்கலின் முகம் உதிரும். தெருவைப் பார்க்கும் ஜன்னலுக்குத் தடித்த பிளாஸ்டிக் சட்டம் போட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் விண்ணப்பம் தோற்கலாம்.

விண்ணப்பம்

பிளானிங் போர்ட்டலில் ஹவுஸ்ஹோல்டர் விண்ணப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். 1:1250 அளவில், வீடு எங்கே இருக்கிறது என்று காட்டும் லொகேஷன் பிளான் வேண்டும். உங்கள் நிலம் முழுவதையும் சிவப்புக் கோட்டால் சூழுங்கள். 1:500 அல்லது 1:200 அளவில் மனையையும் கட்டடத்தையும் காட்டும் பிளாக் பிளான், 1:100 அல்லது 1:50 அளவில் இப்போதைய வீடு, உத்தேச வீடு இரண்டின் தளவரைபடங்களும் எல்லாப் பக்க முகப்புகளும் வேண்டும். கூடவே ஹெரிட்டேஜ் ஸ்டேட்மென்ட்: இந்த இடத்தின் சிறப்பு என்ன, உங்கள் கட்டடம் அதை எப்படித் தொடுகிறது என்று இரண்டு மூன்று பக்கம், தெருவிலிருந்து எடுத்த படங்களோடு. அப்ரைசலைப் படித்தவருக்கு இது எளிது.

நிலம் யாருடையது என்று உறுதி கூறும் சர்டிஃபிகேட்டும் விண்ணப்பத்தில் உண்டு. நிலம் முழுதும் உங்களுடையதானால் சர்டிஃபிகேட் ஏ. தண்ணீர்க் குழாயோ அடித்தளமோ பக்கத்து வீட்டு எல்லைக்குள் ஓர் அங்குலம் நீட்டினாலும் அவருக்கு நோட்டீஸ் கொடுத்துச் சர்டிஃபிகேட் பி போட வேண்டும். தவறான சர்டிஃபிகேட் கிடைத்த அனுமதியையே ஆட்டம் காண வைக்கும்.

ஒரு வீட்டை நீட்டிக் கட்டும் கட்டணம் 2025 ஏப்ரலில் 258 பவுண்டிலிருந்து 528 ஆனது. ஆண்டுதோறும் மாறும் என்பதால் போர்ட்டலின் கணிப்பானில் பார்த்துக்கொள்ளுங்கள். மறுத்தபின் ஒருமுறை இலவசமாகத் திரும்ப விண்ணப்பிக்கும் வசதி 2023 டிசம்பரில் நின்றுவிட்டது. ஆகவே விண்ணப்பிக்குமுன் பெறும் ப்ரீ-ஆப் ஆலோசனைக்குக் கவுன்சில் கேட்கும் பணத்தைக் கட்டி, கன்சர்வேஷன் ஆஃபீசரின் கருத்தை எழுத்தில் வாங்குவது முன்னைவிட இப்போது லாபம்.

விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து 8 வாரம் கணக்கு. அதில் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 21 நாள். அக்கம்பக்கத்தார் நோட்டீஸைப் பார்த்து அதிர்வதற்கு முன் நீங்களே வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஐந்தாம் வாரம், உங்கள் விண்ணப்பத்தைக் கவனிக்கும் கேஸ் ஆஃபீசருக்கு மின்னஞ்சல் அனுப்பி, திருத்தம் தேவையா என்று கேளுங்கள். மறுத்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு 12 வாரம்.

மரமும் சுவரும்

தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 75 மி.மீட்டருக்கு மேலிருந்தால், வெட்டவோ கிளை கழிக்கவோ 6 வாரம் முன்பே கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். சாலையோரம் 1 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயரமான பழைய சுவரை அனுமதியின்றி இடிப்பது குற்றம். ஸ்கிப் (இடிபாடு போடும் பெரிய தொட்டி) வைக்க வழி வேண்டும் என்று பில்டர் முதல் நாளே சுவரைத் தட்டிவிடுவார். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் இருக்கும். செங்கல், ஓடு, ஜன்னல் மாதிரிகளை வேலை தொடங்குமுன் ஒப்புதல் பெறச் சொல்லியிருந்தால் அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். அது வராமல் தோண்டத் தொடங்கினால் அனுமதி இருந்தும் இல்லாதது போலாகலாம். கட்டட உறுதி, பாதுகாப்பு பற்றிய பில்டிங் ரெகுலேஷன்ஸ் வேறு; பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் பார்ட்டி வால் நோட்டீஸ் வேறு. பொதுச் சுவரில் கை வைத்தால் 2 மாதம், பக்கத்து வீட்டிலிருந்து 3 மீட்டருக்குள் அவர்கள் அடித்தளத்தைவிட ஆழமாகத் தோண்டினால் 1 மாதம் முன்பு அந்த நோட்டீஸ் கொடுக்கப்பட வேண்டும். அனுமதி பொதுவாக 3 ஆண்டு செல்லும் என்பதால் இவற்றுக்கெல்லாம் நேரம் இருக்கிறது.