முண்டு மிளகாயின் தற்காப்பை முன்கூட்டியே தூண்டும் முறை

மிளகாய்ச் செடிக்குள் நோயை எதிர்க்கும் ஏற்பாடு இயல்பாகவே உண்டு. அதை இயக்குபவை ஹார்மோன்கள். நோய் பரவும் முன் தூண்டினால்தான் அந்த ஏற்பாடு முழுப் பயன் தரும் என்பதால், ராமநாதபுரம் கடலோரத்தில் முண்டு மிளகாய் பயிரிடுவோர் இவ்வேலையைப் புரட்டாசி விதைப்புக்கு முன்பே தொடங்க வேண்டும்.

சாம்பல் நோய்ப் பூஞ்சை, வைரஸ் போன்று உயிருள்ள திசுவை உண்டு வாழ்பவற்றைச் செடி பெரும்பாலும் சாலிசிலிக் அமிலத்தைக் கொண்டு எதிர்க்கிறது. திசுவைக் கொன்று தின்னும் பூஞ்சைகளையும் இலை கடிக்கும் புழுக்களையும் எதிர்ப்பதற்கு ஜாஸ்மோனிக் அமிலமும் எத்திலீனும் முன்னிற்கின்றன. இவ்விரு வழிகளில் ஒன்று ஓங்கும்போது மற்றது தணிவது வழக்கம். பழ அழுகல் பூஞ்சையோ முதலில் உயிருள்ள திசுவில் தங்கிப் பின்னர் அதைக் கொல்வதால், இந்தப் பிரிவினைக்குள் எளிதில் அடங்குவதில்லை.

நம் பகுதிக்கு முக்கியமானது மற்றொரு ஹார்மோனாகிய அப்சிசிக் அமிலமே. உவர்ப்பாலோ வறட்சியாலோ வேர் திணறும்போது அது பெருகி, இலைத்துளைகளை மூடி நீரைக் காக்கிறது. அதே வேளையில் சாலிசிலிக் வழித் தற்காப்பை அடக்கிவிடுவதும் பல பயிர்களில் காணப்பட்டுள்ளது. உப்பைக் குறைக்காமல், தற்காப்பை எழுப்பும் பொருள்களாகிய தூண்டிகளுக்குச் செலவிடுவது வீண் என்பது என் கருத்து.

எனவே மண்ணைச் சோதிப்பதே முதல் வேலை. மண்ணை நீரால் நிறைவித்துப் பிரித்தெடுத்த சாற்றின் மின்கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டும் எண்) மீட்டருக்கு 1.5 டெசிசைமனைத் தாண்டினால் மிளகாய் விளைச்சல் குறையத் தொடங்கும். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் கலந்து அளக்கும் முறையில் எண் இதைவிடக் குறைவாகவே வரும் என்பதால், எம்முறையில் அளந்தார்கள் என்று ஆய்வகத்தில் கேட்டறியுங்கள். கோடையுழவு செய்து, வரப்பை உயர்த்தி, முதல் மழைநீரை வயலில் தேக்கி உப்பைக் கீழே இறங்கச் செய்யலாம். வடிகால் இல்லாத வயலில் இது பலிக்காது. ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குரியது. வெறும் உவர் மண்ணுக்கு அதனால் பயனில்லை. பாரில் (மண்ணை மேடாக அணைத்த வரிசையில்) நடுவோர், உப்பு உச்சியில் திரளும் என்பதால், பக்கவாட்டில் நட வேண்டும்.

அடுத்தது சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ். வேரில் குடியேறும் இந்தப் பாக்டீரியா செடியை விழிப்புநிலையில் வைக்கிறது. பின்னர் நோய்க்கிருமி தாக்கினால், ஜாஸ்மோனிக், எத்திலீன் வழிகள் விரைவாகச் செயல்படுகின்றன. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் தூள் கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள். ஹெக்டேருக்கு 2.5 கிலோ தூளை 50 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது மாலையில் இடுங்கள். தாமிரப் பூஞ்சைக்கொல்லியோடு இதைக் கலக்கக் கூடாது. காலாவதியான பொட்டலத்தில் உயிருள்ள பாக்டீரியா போதிய அளவில் இராது.

சாலிசிலிக் அமிலத்திலிருந்து செய்யப்படும் ஆஸ்பிரினைக் கரைத்துத் தெளிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1979இல் புகையிலையில் ஆஸ்பிரின் செலுத்திய ஆய்வு வைரஸ் எதிர்ப்பு கூடியதைக் காட்டியது உண்மைதான். ஆயினும் அளவு மிகுந்தால் இலை கருகும், வளர்ச்சி குன்றும். புழுவுக்கு எதிரான ஜாஸ்மோனிக் வழியும் தளரக்கூடும். ஆகவே மாத்திரைக் கரைசலை வயலில் நான் பரிந்துரைப்பதில்லை.

மழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழி, தை மாதங்களில் இலையின் அடிப்புறத்தைப் பார்த்து வாருங்கள். அங்கே வெண்பூச்சும் மேற்புறத்தில் மஞ்சள் திட்டும் தென்பட்டால் அது சாம்பல் நோய். அப்போது தூண்டிகளை நம்பிக் காத்திராமல், லிட்டருக்கு 3 கிராம் நனையும் கந்தகத்தை வெயில் தணிந்த நேரத்தில் தெளிக்க வேண்டும். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ் தொற்றிய செடியை எந்த ஹார்மோனும் மீட்காது. அதை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.