விடிகாலை முகூர்த்தமா? மணப்பெண் பதறாமல் தயாராக

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் முதல்நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடிகாலை தாலி என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் வழக்கம். மணப்பெண்ணுக்குத் தூங்கக் கிடைப்பது நான்கு மணி நேரம். அதனால் காலைக்கான திட்டத்தை மணவறையில் உட்காரும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

முகூர்த்தம் 6.00–7.30 என்று வைத்துக்கொள்வோம். 5.30க்குப் பெண் மணவறையில் இருக்க வேண்டும். சேலை, நகைக்கு 40 நிமிடம். மேக்கப்பும் ஜடையும் ஒன்றே முக்கால் மணி நேரம். குளிக்க 20 நிமிடம். கால் மணி நேரம் கையிருப்பாக வைத்தால், எழுந்திருப்பது 2.30. வரவேற்பு மேடையிலிருந்து 9.30க்கு இறங்கினால்தான் இது நடக்கும். போட்டோகிராஃபரிடமும் இந்த நேரத்தை முன்பே சொல்லிவிடுங்கள்.

தலைக்குக் குளிப்பதை வரவேற்பு நாள் காலையிலேயே முடித்துவிட வேண்டும். தை, மாசிக் குளிரில், அதிலும் ஓசூர் பக்கம், அடர்ந்த முடி சீக்கிரம் காயாது. ஈர முடியில் ஜடை நிற்காது, சவுரியும் வழுக்கும். வரவேற்புக்கு ஸ்பிரே குறைவாக அடிக்கச் சொல்லுங்கள். முடி விறைத்துப் போனால் நுனியில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, கீழிருந்து மேலாகச் சிக்கெடுங்கள். மருதாணியை இரண்டு நாள் முன்னதாகவே வைத்துவிடுங்கள். நிறம் பிடிக்க ஒருநாளுக்கு மேல் ஆகும். நலங்கு மஞ்சளை முகத்தில் லேசாகத் தொட்டு வைத்தால் போதும். அப்பிவிட்டால் மறுநாள் மேக்கப்புக்கு அடியில் மஞ்சள் தெரியும்.

மண்டபத்து அறையில் ஹீட்டர் 15 லிட்டர்தான் என்றால், சூடு ஏற நேரம் எடுக்கும். முதல் தண்ணீர் பெண்ணுக்கு என்று இரவே சொல்லிவைத்து, அறைச் சாவியை சித்தியோ அத்தையோ ஒருவர் மட்டும் வைத்திருக்கட்டும். பத்துப் பேர் சேலை மாற்றும் அறையில் மேக்கப் நேரத்துக்கு முடியாது.

உண்மையில் காலை சிக்கலாவது கூறைப்புடவை மாற்றும்போதுதான். மணவறையில் தாம்பாளத்தில் கூறையை வாங்கிக்கொண்டு அறைக்கு ஓடும் பெண், 15 நிமிடத்தில் கட்டித் திரும்ப வேண்டும். ஜடையும் நகையும் ஏறியபிறகு ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டுவது பெரும்பாடு. கொக்கி ஜடைப் பூவில் மாட்டும், ஆரம் முறுக்கிக்கொள்ளும். கூறைக்குத் தைத்த ஜாக்கெட்டையே முதலிலிருந்து போட்டுக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற நிறத்தில் முதல் சேலையைத் தேர்ந்தெடுப்பதுதான் இதற்கு நல்ல வழி. உள்பாவாடையும் இரண்டுக்கும் ஒன்றே. அதற்கு மாப்பிள்ளை வீட்டார் கூறையை மூன்று வாரம் முன்பே கொடுத்தால், ஜாக்கெட் துணியை வெட்டி, ஃபால்ஸ் அடித்து, கொசுவம் மடித்து அயர்ன் செய்து திருப்பிக் கொடுத்துவிடலாம். புதுப் பட்டு விறைப்பாக இருக்கும். மடித்து வைக்காத கொசுவம் கையில் நிற்காது. ஊக்கு இரண்டு டஜன் தனி டப்பாவில் இருக்கட்டும். சேலை கட்டிவிட இரண்டு பேர் போதும். நாத்தனார் உடன் வருவது வழக்கமென்றால் அவரே இரண்டாவது ஆள்.

ஒட்டியாணத்தை உட்கார்ந்த நிலையில் போட்டுப் பாருங்கள். நின்றால் சரியாக இருப்பது மணையில் சம்மணமிட்டதும் வயிற்றை அழுத்தும். பாவாடை நாடாவும் அப்படித்தான்.

சாப்பாடு வீட்டு வழக்கத்தைப் பொறுத்தது. தாலி ஏறும்வரை விரதம் என்றால் பாலும் பழமும், அல்லது இளநீர். சாப்பிடலாம் என்றால் இரண்டு இட்லி, அல்லது ஒரு டம்ளர் ராகிக் கஞ்சி. மேக்கப் முடிந்து, லிப்ஸ்டிக் போடும் முன் சாப்பிடுவது நல்லது. வெறும் காபியோடு ஹோமப் புகையில் உட்கார்ந்தால் தலைசுற்றல் வரும். அந்தப் புகையில் கண்ணும் கலங்கும். தண்ணீரில் கரையாத கண்மைதான் வேண்டும். ஒரு கைக்குட்டை தோழி கையில் இருக்கட்டும்.

குளிர்காலத்தில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறும். பூக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, முதல்நாள் மாலை மொட்டாகக் கட்டி வாங்குங்கள். ஐந்து முழம் மல்லியும் இரண்டு முழம் கனகாம்பரமும் இருந்தால் ஜடைக்குத் தாராளம். வாழை இலையில் சுற்றி ஈரத்துணி போர்த்திவைத்தால் விடிகாலையில் விரியும். மாலையை மட்டும் போடும்முன் உதறிவிட வேண்டும். ரோஜா இதழுக்குள் தங்கிய தண்ணீர் முந்தியில் சொட்டினால் பட்டில் கறை வட்டமாக நிற்கும்.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துத் தெலுங்கு பேசும் வீடுகளில், மணமக்கள் ஒருவர் உச்சந்தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் அரைத்து வைப்பார்கள். மேக்கப் செய்பவரிடம் இதைச் சொல்லாவிட்டால், உச்சியில் பூவையும் நகையையும் அடைத்துவிடுவார். நெற்றிச்சுட்டிக்குப் பின்னால் ஒரு கையளவு இடம் விடச் சொல்லுங்கள்.

மேக்கப் செய்பவர் வெளியூர் என்றால் இரவே மண்டபத்தில் தங்கவையுங்கள். கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனால் சேலத்திலிருந்து வருபவர் தொப்பூர் கணவாய் ஏற வேண்டும். அங்கே ஒரு லாரி கவிழ்ந்தால் மணிக்கணக்கில் வழி கிடைக்காது.