பழைய வால்வு ரேடியோவின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப் போடாதீர்கள்

பழைய வால்வு ரேடியோ கையில் சிக்கினால், முதலில் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை, அதாவது வால்வின் சிக்னலை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பாகத்தை, கழற்றி வையுங்கள். நீங்களே வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்ய நினைத்துப் புதிதாக வாங்கப்போனால், விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று.

எழுத்து அழிந்திருந்தாலும் பரவாயில்லை. மல்டிமீட்டரில் சில நூறு ஓம் காட்டுவது பிரைமரி, அதாவது வால்வுப் பக்கச் சுருள். ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டுவது ஸ்பீக்கர் பக்கம். அப்புறம் சின்ன ஸ்டெப்‑டவுன் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 12 வோல்ட் ஏசியைப் பிரைமரிக்குக் கொடுத்து, மறுபக்கம் அளந்து பாருங்கள். 0.48 வோல்ட் வந்தால் விகிதம் 25. அதன் வர்க்கம் 625; 8 ஓம் ஸ்பீக்கரால் பெருக்கினால் 5000 ஓம். வால்வு உணரும் சுமை இதுதான். இஎல்84 (EL84) என்ற அவுட்புட் வால்வு ஒன்றை மட்டும் வைத்துச் செய்யும் ஆம்ப்ளிஃபயருக்கு அருமையாகப் பொருந்தும். வீட்டு மின்சாரத்தை நேரடியாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பிரைமரியில் மூன்று ஒயர் இருந்தால் பெரும்பாலும் புஷ்‑புல் வகை, அதாவது இரண்டு வால்வுகள் மாறி மாறி வேலை செய்யும் அமைப்புக்கானது. அதன் இரும்புத் தகடுகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும், காற்று இடைவெளி இருக்காது. ஒற்றை வால்வில் போட்டால் வால்வின் டிசி மின்னோட்டத்தில் இரும்புக் கோர் காந்தத்தால் நிறைந்து, பாஸ் ஒலி கெட்டுவிடும். இணைத்த பிறகு, ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்ளிஃபயரை ஓட்டவே கூடாது; சுருளின் இன்சுலேஷனே பொசுங்கிவிடலாம்.